ரோதமுனிக்குப் பெட்டரி மாற்றியது

"அம்மா, அப்பாவுக்கு பெட்டரி எறங்குது" என்று மகன் கட்டாரிலிருந்து சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனுஷனுக்குப் பெட்டரி இறங்கி எவ்வளவோ காலமாகிறது, உனக்கு இப்பத்தான் தெரியுதா தம்பி என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. போனில் சிவப்பாக ஒரு குறி வந்திருக்கிறதாம். சீக்கிரம் மாற்றாவிட்டால் அப்பா மேப்பில் இருந்து மறைந்துவிடுவாராம். அந்த "மறைந்துவிடுவார்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதுவுமாக வாயில் வர வேண்டிய வார்த்தையா அது.

என் வீட்டுக்காரர் லொறி டிரைவர். முதலில் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை ஏற்றினார். அப்புறம் நாங்கள் மாத்தளை டவுனுக்குக் குடிவந்தோம், அவரும் மரக்கறி லொறிக்கு மாறினார். பல்லேகமப் பக்கம் போய் மிளகாயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தையில் இறக்குவார். அந்த மலை வளைவுகளைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பெருமை பேசுவார். பேசிய வாய்க்குத்தான் முதலில் வந்தது. ஒரு நாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது வாய் கோணி, வலப்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். கால் தேறிவிட்டது. வலக்கை பாதிதான் தேறியது. வழி மட்டும் திரும்பி வரவே இல்லை.

வழி என்றால் வீட்டுக்கு வருகிற வழி. வெளியே போக அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "லோட் ஏத்தணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் தடவை தெருக்கோடித் தையல் கடையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை நாவுல டவுன் வரைக்கும் போய்விட்டார். அவரைத் தெரிந்த ஒரு டிரைவர் தன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். அதற்கடுத்த தடவை மெயின் ரோட்டின் நடுவில், சரிவில் இறங்கி வருகிற ஒரு கல் லொறிக்கு முன்னால் நின்று, "வா, வா, ஒடிச்சு வா" என்று ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பாதிக் கல் ரோட்டில் கொட்டிக் கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். அடுத்த தடவை மனுஷன் ஆளாக வருவாரா, செய்தியாக வருவாரா என்று.

அதற்குப் பிறகுதான் மகன், ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டுகிற ஒரு சாமானை லீவில் வந்த ஒரு கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான். பத்து ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிது, தடிப்பும் கூட. வயர் இல்லை, சிம் இல்லை. பக்கத்தில் யாருடைய போனாவது கடந்து போனால், அந்தப் போன்காரருக்கே தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுமாம். கட்டாரில் இருக்கிற மகனுக்கு அப்பா ஒரு பச்சைப் புள்ளி. எனக்கு அவன் சொன்னால்தான் தெரியும், ஏனென்றால் என்னுடையது பட்டன் போன்.

இவர் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். "நான் என்ன மாடா, தொலைஞ்சா தேடுறதுக்கு?" என்று தூக்கி வீசினார். சட்டைப் பைக்குள் வைத்தால் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவர் உடுத்துகிற சாரத்து ஓரத்தில் வைத்துத் தைத்தேன். பல்லால் கடித்துப் பிரித்துவிட்டார். பேரன் பெயர் மறந்துபோன ஆளுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ.

அப்போதுதான் எனக்கு ரோதமுனி ஞாபகம் வந்தார். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், ரோதை என்றால் சக்கரம். தோட்டத்து ஸ்டோரில், தேயிலை அரைக்கிற மெசின் சுற்றுகிற இடத்தில் இருக்கிற சாமி அவர். கை உள்ளே போகாமல், பட்டி அறுந்து ஆளை அடிக்காமல் பார்த்துக்கொள்வார். இவருக்கு வேறு சாமியே கிடையாது. மரக்கறி லொறிக்கு மாறின பிறகும், மாதம் ஒரு தடவை தோட்டத்துக்குப் போய் ரோதமுனிக்குச் சுருட்டும் கற்பூரமும் வைத்துவிட்டுத்தான் ஸ்டேரிங்கைத் தொடுவார். மனுஷி சொன்னால் கேட்காதவர் முனி சொன்னால் கேட்பார் என்று கணக்குப் போட்டேன்.

பூசாரி அண்ணன் இவரோடு ஸ்டோரில் வேலை செய்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அந்தச் சாமானைச் சிவப்புத் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து, வேப்பிலை அடித்து, இவர் கழுத்தில் கட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்தா பாரு, இது ரோதமுனி காவல். வண்டிக்கு இல்ல, ஒனக்கு. கழட்டக் கூடாது. யாரும் தொறக்கக் கூடாது. தொறந்தாங்கன்னா காவல் செத்துப் போயிரும். தொறந்த கை ஒன்னக் கொல்ல வந்த கைன்னு வச்சிக்க" என்றார்.

இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில், பூசாரி அண்ணனுக்கு நடிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளூர நிம்மதிதான். குளிக்கும்போது கூட அதைக் கழற்றவில்லை. சோப்பு நுரைக்குள் அந்தச் சிவப்புப் பொட்டலத்தை மட்டும் இடக்கையால் பொத்திப் பிடித்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் கிளம்பிப் போனால் மகன் போனில் வழி சொல்வான், நான் போய்க் கூட்டிவருவேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், பெற்றோல் செட்டில் ஒரு நாள். என்னைக் கண்டதும், "வந்துட்டியா, முனி காட்டிக் குடுத்துட்டாரா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாய் கோணினாலும் நல்லாத்தான் இருக்கும்.

பெட்டரி இறங்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. சாமிக்குப் பெட்டரி போடுவது பற்றி யார்தான் யோசிப்பார்கள்.

முறைப்படி செய்யலாம் என்று பூசாரி அண்ணனுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அவர் மகளுடைய பிரசவத்துக்கு வவுனியா போயிருந்தார், வர நாளாகும் என்றார். "அவன் தூங்கும்போது மாத்திரு தங்கச்சி. சாமிக்குத் தெரியும்" என்றார். சாமிக்குத் தெரிந்தால் போதுமா?

டவுனில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் போன் கடைக்காரரிடம் வட்டப் பெட்டரி ஒன்று வாங்கினேன். மத்தியானம் இவர் சாய்கதிரையில் குறட்டை விடும்போது பக்கத்தில் குந்தி, பிளேட்டால் துணியின் ஒரு பக்கத் தையலை மட்டும் வெட்டினேன். சாமான் வழுக்கிக் கையில் விழுந்தது. மகன் சொன்ன மாதிரியே இரண்டு பெருவிரலாலும் அழுத்தித் திருகினேன், மூடி கழன்றது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்து மூடி, மறுபடி தைத்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் அவர் எழும்பாமல் இருந்தது பெரிய விஷயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சட்டைப் பையைக் கூட நான் திருட்டுத்தனமாகத் தடவியதில்லை.

சாயங்காலம் மகன் பேசினான். "போட்டதும் சத்தம் வந்துச்சாம்மா?"

"என்ன சத்தம்?"

"குருவி மாதிரி ஒரு சத்தம் வரணும். வரலன்னா கரண்ட் ஏறல. மேப்புல அப்பாவ காணோம்மா."

இரவு இவர் தூங்கும்போது தையலைப் பிரித்துப் பெட்டரியை எடுத்துவிட்டு, வெறுஞ்சாமானை வைத்துத் தைத்தேன். அடுத்த நாள் நானா கடையைத் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். நானா அந்தப் பெட்டரியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது புள்ளைங்க முழுங்கிடக் கூடாதுன்னு கசப்பு பூசி வர்றது அக்கா. வாயில வச்சா துப்பிடும். அந்தப் பூச்சு தடுத்தா சில சாமான்ல ஏறாது. இப்ப வர்றது எல்லாமே இதுதான். நல்லா அழுத்தித் தேச்சு எடுத்துட்டுப் போடுங்க, வேலை செய்யும்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றப் பூசின மருந்துதானே. நானும் நல்ல வார்த்தை சொன்னாரே என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தாள். மேப்பில் இல்லாத மனுஷன், வாசல் தாண்டினால் முடிந்தது. கெஞ்சி உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். அடுப்பில் பருப்பு. இவர் கண் அசந்ததும் மறுபடி பிளேட்டை எடுத்தேன். பெட்டரியைப் பெருவிரலால் தேய்த்தேன், சீலை முந்தானையால் தேய்த்தேன், மறுபடி விரலால் தேய்த்தேன். வைத்து அழுத்தியதும் அந்தச் சாமான் கீச்சென்று கத்தியது.

இவர் இமை அசைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். கண் திறக்கவில்லை. அவசரத்தில் கையில் கிடைத்த நூலால் நாலு தையல் போட்டேன். அதற்குள் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம். ஓடிப்போய் இறக்கினேன். கையை முந்தானையில் துடைத்தேன். அவ்வளவுதான் துடைத்தேன்.

வலக்கை சரியில்லாத நாளிலிருந்து அவருக்கு நான்தான் சோறு பிசைந்து கொடுப்பேன். அன்றைக்கும் தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, கருவாட்டைப் பிய்த்து, நன்றாகப் பிசைந்து, முதல் கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்தேன்.

மென்றார். நிறுத்தினார். தட்டிலேயே துப்பினார்.

"கசக்குது."

"பருப்பு கொஞ்சம் அடிப்புடிச்சிருச்சு" என்றேன். சொல்லிவிட்டு நானும் ஒரு வாய் வைத்தேன். கருகின கசப்பு இல்லை அது. வேப்பங்கொட்டையைக் கடித்தால் கூட அப்படி இருக்காது. நாக்கில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தாலும் போகாமல், தொண்டை வரை இறங்கியது. என்னையறியாமல் என் முகம் சுளித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் விரல் என்று. கையைச் சட்டென்று பின்னால் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. அவர் பார்வை என் கையோடு போய், அப்புறம் தன் நெஞ்சுக்கு வந்தது. இடக்கையால் சிவப்புப் பொட்டலத்தைத் தூக்கி முகத்துக்குக் கிட்டே பிடித்தார். பூசாரி அண்ணன் தைத்தது சிவப்பு நூல். நான் அவசரத்தில் போட்டது நீல நூல்.

"தொறந்திருக்காங்க" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டையோடு சண்டையாக எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"யாரு தொறக்கப் போறா? இந்த வீட்ல நானும் நீங்களும்தானே இருக்கோம்" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன பேச்சு. வாயை விட்டு வந்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது.

கையைக் கழுவப் பின்பக்கம் போனேன். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நக்கிப் பார்த்தால் இன்னும் கசந்தது. திரும்பி வந்தால் கதிரையில் ஆள் இல்லை.

தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். போன் அடித்தது. "அம்மா, புள்ளி வந்துருச்சு, இப்ப சூப்பரா வேலை செய்யுது" என்றான் மகன் சந்தோஷமாக. அப்புறம், "அப்பா எங்க போறாரு? ஆத்துப் பக்கம் போறாரு" என்றான்.

ஓட்டோ பிடித்தேன். மகன் போனை வைக்கவில்லை. ரோட்டில் அந்த நேரம் நல்ல சனம், கடந்து போன ஒவ்வொரு போனும் இவரைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தது போல. பாலத்துக்கு வந்துட்டாரு என்றான். பாலத்து நடுவில் நிற்கிறாரு என்றான். "ஏம்மா நிக்கிறாரு? நகரலையே. கீழ தண்ணி கூடவா இருக்கு?" மலையில் மூன்று நாளாக மழை. தண்ணீர் கூடத்தான் இருந்தது. நான் அவனிடம் சொல்லவில்லை. அப்புறம், "அம்மா, காணோம்" என்றான். "கடைசியா பாலத்துலதான் காட்டுது. அதுக்குப் பிறகு ஒண்ணும் வரல."

நான் அழவில்லை. ஓட்டோக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார்.

பாலத்தில் அவர் நின்றிருந்தார். கம்பியில் சாய்ந்து, செங்கலங்கலாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. கழுத்து வெறுமையாக இருந்தது. செத்த காவலை வீட்டில் வைக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அது எனக்கும் தெரிந்த முறைதான். அவர் பிழையாக ஒன்றும் செய்யவில்லை.

"என்னங்க" என்று கையைப் பிடிக்கப் போனேன். ஒரு அடி பின்னால் போனார். பின்னால் கம்பிதான் இருந்தது, அதனால் நான் நின்றுகொண்டேன்.

"எதுக்கு ஓடி வந்த?" என்று கேட்டார். "விழுந்துட்டேனான்னு பாக்கவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அறைந்திருப்பேன். என்னோடு ஓட்டோவில் ஏற மாட்டேன் என்றார். நடந்தே வந்தோம். நான் முன்னால், அவர் பின்னால் ஒரு லொறி நீளம் தள்ளி. நான் நின்றால் அவரும் நின்றார். வழி தெரியாத மனுஷன், தன்னைக் கொல்லப் பார்க்கிறவள் என்று நினைக்கிறவளின் பின்னால்தான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்து என் கழுத்து வலித்தது.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்காமல், பெட்டரி, கசப்பு, நூல் எல்லாம். பழைய பெட்டரியைக் காட்டினேன். மகன் பக்கத்து வீட்டு அக்காவின் போனில் முகம் காட்டி, "அப்பா, நான்தான் அனுப்பினேன்" என்று அழுதான். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கா" என்றார். பூசாரி அண்ணன் வவுனியாவிலிருந்து வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "நான் சும்மா சொன்னேன்டா, அது சாமி காவலே இல்ல" என்று சத்தியம் பண்ணினார். இவர் அவருக்குக் கதிரை கொடுத்து உட்கார வைத்து, "ஒன்னையும் மடக்கிட்டாளா?" என்று பரிதாபமாகக் கேட்டார். மூளையில் எத்தனையோ அழிந்துபோயிற்று, இந்த ஒன்று மட்டும் கல்லில் வெட்டின மாதிரி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால், இந்த மூளை வருத்தத்தில் சந்தேகம் வரும், மருந்து கொடுக்கிறோம் என்கிறார்கள். மருந்தையும் நான்தான் கொடுக்க வேண்டும். அவர் வாங்குவாரா?

நான் என்ன தப்புச் செய்தேன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். லொறிக்கடியில் போகாமல் காப்பாற்றத்தான் பார்த்தேன். இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன், கையை மட்டும் கழுவிக்கொள்வேன்.

இப்போது அவர் வெளியே போவதில்லை. வாசற்படி வரை கூட வருவதில்லை. காவல் இல்லாமல் வெளியே இறங்கப் பயம். "அப்ப நல்லதுதானேம்மா, இனி அந்த சாமானும் வேணாம்" என்கிறான் மகன். அவன் அங்கிருந்து பார்த்தால் நல்லதுதான். புள்ளி நகராமல் இருந்தால் அவனுக்கு நிம்மதி.

அவர் தட்டில் நான் இப்போது சோற்றைப் பிசைவதில்லை, தொட விடமாட்டார். கரண்டியால் போட்டு முன்னால் வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு வாய் எடுத்து அவர் கண் முன்னால் நான் தின்ன வேண்டும். விழுங்கினேனா என்று தொண்டையைப் பார்ப்பார். அப்புறம் முகத்தைப் பார்ப்பார். நான் எழுந்து போகக் கூடாது. பார்த்துக்கொண்டே இருப்பார், கறியின் எண்ணெய் மேலே படிந்து வெள்ளையாக உறையும் வரைக்கும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குத் தெளிவான பிறகு, தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஆறின சோற்றை இடக்கையால் அள்ளித் தின்கிறார்.